இராஜாஜியின் தூதும் அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையும்

அணுப்படைக்கலக் கட்டுப்பாட்டு முயற்சிகளில் தமிழகத்தின் பங்கினைக் காட்டுவது இராஜாஜியின் அமெரிக்கப் பயணமாகும். காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் 1962 செப்டம்பரில் வாசிங்டன் சென்ற அவர், குடியரசுத்தலைவர் கென்னடியைச் சந்தித்து, அணுவெடிப்புச் சோதனைகளை நிறுத்துமாறு வலியுறுத்தினார். 1963 ஆகஸ்டு 5இல் அமெரிக்கா, சோவியத்து ஒன்றியம், பிரித்தானியா ஆகியவை மாஸ்கோவில் பகுதித் தடை உடன்படிக்கையில் ஒப்பமிட்டன; இந்தியாவும் அம்மாதமே ஒப்பமிட்டது.

வளிமண்டலம், விண்வெளி, நீரடி ஆகிய மூன்றிலும் சோதனைகளை விலக்கிய இவ்வுடன்படிக்கை, நிலத்தடியை விட்டுவிட்டது. நிலத்தடி வெடிப்பை நிலநடுக்கத்தினின்று பிரித்தறிவதற்கான நேரடி ஆய்வு குறித்து வல்லரசுகளிடையே இணக்கம் ஏற்படாமையே இதற்குக் காரணம். பொக்ரானில் 1974, 1998 ஆம் ஆண்டுகளில் இந்தியா நிகழ்த்திய சோதனைகளும் நிலத்தடியிலேயே நடைபெற்றன. 1996இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற முழுத்தடை உடன்படிக்கை இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை; இந்தியா அதில் ஒப்பமிடவுமில்லை. எனவே, இராஜாஜி வேண்டிய சோதனை நிறுத்தம் இன்னும் முழுமை பெறாத கோரிக்கையே எனலாம்.