வெடிச் சத்தத்துக்கும் அளவு உண்டு!

துணியை மீட்டரால் அளக்கிறோம். அரிசியைக் கிலோவால் நிறுக்கிறோம். வெடிச் சத்தத்தை எதனால் அளப்பது?

அதற்கும் ஓர் அளவு இருக்கிறது. "டெசிபல்" என்பது அதன் பெயர். நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சு சுமார் 60 டெசிபல். இதில் 10 டெசிபல் கூடினால், ஒலியின் ஆற்றல் 10 மடங்கு ஆகிவிடும்!

யார் சொல்வது சரி?

பட்டாசுக்குப் பேர்போன சிவகாசி இருப்பது விருதுநகர் மாவட்டத்தில். அதே மாவட்டத்து ஊர்தான் காரியாபட்டி.

தீபாவளி அன்று, ஒரே பெட்டியில் இருந்து 2 வெடிகளை எடுப்பதாக வைத்துக் கொள்வோம். ஒன்று ஊருக்கு வெளியே, உழுத காட்டில் வெடிக்கிறது. மற்றொன்று, இருபுறமும் சுவர் உள்ள தெருவில் வெடிக்கிறது.

உழுத மண் சத்தத்தை உறிஞ்சிக் கொள்ளும். சுவரோ அதைத் திருப்பி அனுப்பும்.

"இது சின்ன வெடிதான்" என்பார் காட்டில் நின்றவர். "காதே அடைத்துவிட்டது" என்பார் தெருவில் நின்றவர். இருவர் சொல்வதும் உண்மைதான்! ஆகையால், எத்தனை டெசிபல் என்று மட்டும் சொன்னால் போதாது. எப்படி அளப்பது என்றும் சொல்ல வேண்டும்.

1999-ல் வந்த விதி

மத்திய அரசு 1999-ம் ஆண்டு அக்டோபர் மாதம் இதற்கு ஒரு விதி வகுத்தது. வெடிக்கும் இடத்தில் இருந்து 4 மீட்டர் தூரத்தில், சத்தம் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது. தாண்டும் வெடியைத் தயாரிக்கவோ, விற்கவோ, வெடிக்கவோ கூடாது.

சோதனை நடத்தும் முறையையும் விதியே கூறுகிறது. தரை கெட்டியான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். அதன் குறுக்களவு குறைந்தது 5 மீட்டர். சத்தத்தைத் திருப்பி அனுப்பும் சுவர் எதுவும் 15 மீட்டர் வரை இருக்கக்கூடாது.

இப்படி அளந்தால், சிவகாசியில் அளந்தாலும் டெல்லியில் அளந்தாலும் கணக்கு ஒன்றுதான். தயாரிப்பவரும் அதிகாரியும் தகராறு செய்ய வேண்டியது இல்லை.

சரவெடிக்கு இன்னும் கடுமையான கணக்கு. 100 வெடி கோர்த்த சரம் என்றால், அதில் உள்ள ஒவ்வொரு வெடிக்கும் 115 டெசிபல்தான் எல்லை. பின்னர் 2018-ல், சரவெடிக்கே தடை விதித்தது உச்ச நீதிமன்றம்.

பெற்றோர் கவனிக்க!

125 டெசிபல் என்பது 4 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு உரிய கணக்கு. 2 மீட்டரில் நின்றால், அது ஏறத்தாழ 131 ஆகும். 1 மீட்டரில் 137! அதாவது, காதைத் தாக்கும் ஆற்றல் 16 மடங்கு!

காதின் உள்ளே மயிர் போன்ற மிக நுண்ணிய உணர்வு இழைகள் உள்ளன. பெரும் சத்தத்தில் அவை அழிந்தால், மறுபடி முளைப்பது இல்லை. போன செவி போனதுதான்.

ஆகவே, திரியில் தீ பிடித்ததும் குறைந்தது 4 மீட்டர், அதாவது சுமார் 13 அடி, விலகிப் போய்விட வேண்டும். குழந்தைகள் இன்னும் தள்ளியே நிற்கட்டும்.

காதைப் பொத்திக் கொள்ளும் பிள்ளையை, "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்யாதீர்கள். அந்தப் பிள்ளை செய்வதுதான் சரி!