ஊரமைப்பு படிக்க ஓர் இணையப் பல்கலைக்கழகம்: திருவண்ணாமலையிலிருந்து ஒரு பார்வை

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் நடக்கும் 14 கிலோமீட்டரில் நகரமும் கிராமமும் மாறி மாறி வருகின்றன. கோயிலைச் சுற்றி மாட வீதிகளும் கடைத்தெருவும். செங்கம் சாலைப் பக்கம் ஆசிரமங்களும் விடுதிகளும். மலையின் மேற்கே அடி அண்ணாமலையை நெருங்கினால் வயலும் கிணறும் தெரியும். குபேர லிங்கம் தாண்டியதும் மறுபடி நெரிசல். நெடுங்காலம் இந்தப் பாதையில் ஒரு பங்கு நகராட்சியிடமும் மறுபங்கு ஊராட்சிகளிடமும் இருந்தது. 2024-இல் சுற்றுப்புற ஊராட்சிகள் சிலவற்றையும் சேர்த்துத் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. மலையில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கி ஏரியை நிரப்புகிறது, மிஞ்சியது அடுத்த ஏரிக்குப் போகிறது. நடுவில் ஒரு ஓடையை மூடி மனை போட்டால், தண்ணீர் வேறொரு ஊரின் தெருவில் போய் நிற்கும்.

இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கப் பயிற்சி பெற்றவரே ஊரமைப்பாளர். எங்கே வீடு வரலாம், எங்கே கடை வரலாம், எங்கே எதுவுமே வரக்கூடாது என்பதை அடுத்த இருபது ஆண்டுகளை மனத்தில் வைத்து முடிவு செய்ய உதவுவது அவர் வேலை. நகரத்துக்கு அவர் தயாரிப்பது முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு ஒருவர் வந்தால், சாலை எவ்வளவு அகலம், பூங்காவுக்கு எவ்வளவு இடம், மழைநீர் எந்த வழியில் வெளியேறும் என்று பார்ப்பவரும் அவரே. பெரிய மனைப்பிரிவில் சாலை போக மிஞ்சும் நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவெளியாக விட வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. கிராமத்தில் இதே அறிவு ஏரி வரத்துக்கால், நத்தம், சுடுகாட்டுப் பாதை, களத்துமேடு என்று வேறு பெயர்களில் தேவைப்படுகிறது.

இது ஏட்டளவில் முடியும் விஷயம் அல்ல என்பதைத் திருவண்ணாமலை மிகுந்த வலியோடு அறிந்திருக்கிறது. ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 1 அன்று மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். மலையடிவாரத்தில் எந்த எல்லை வரை வீடு கட்டலாம், எந்தச் சரிவு ஆபத்தானது, ஏற்கெனவே குடியிருப்பவர்களை எங்கே, எப்படி மாற்றுவது என்ற கேள்விகள் முன்கூட்டியே வரைபடத்தில் வைத்துப் பேசப்பட வேண்டியவை. அப்படிப் பேச ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் நாட்டில் போதவில்லை. நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை என்றது. அதன்படி அப்போது மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட ஊரமைப்பாளர் பணியிடங்கள் தேவைப்பட்டன. அனுமதிக்கப்பட்டவை 4,000-க்கும் குறைவு, அவற்றிலும் ஏறக்குறையப் பாதி காலியாக இருந்தன. பல மாநிலங்களில் இந்தப் பதவிக்கு ஊரமைப்புப் படிப்பு கட்டாயத் தகுதியாகக்கூட இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. இது நகரங்களின் கணக்கு. திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் 18 ஒன்றியங்களில் 860 ஊராட்சிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். ஊராட்சிச் செயலரும் தலைவரும் தங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுக்கிறார்கள். நிலத்தை வரைபடமாக வாசிக்க அவர்களுக்கு யாரும் முறையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

படிக்க வேண்டுமென்றால் எங்கே போவது? டெல்லியில் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி இருக்கிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி இருக்கிறது. தண்டராம்பட்டிலோ ஜவ்வாது மலையிலோ இருக்கும் ஒரு பெண் இரண்டு ஆண்டு சென்னையில் தங்கிப் படிக்க எவ்வளவு செலவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஏற்கெனவே வேலையில் இருக்கும் நில அளவையர், ஒன்றியப் பொறியாளர், மனைப்பிரிவு வரைபடம் போடும் வரைவாளர் ஆகியோருக்கு அது இன்னும் கடினம். இவர்களுக்காக ஒரு வழி முன்பே இருக்கிறது. 1951-இல் தொடங்கிய இந்திய நகரமைப்பாளர் நிறுவனம் நடத்தும் தேர்வை, வேலை பார்த்துக்கொண்டே படித்து எழுதலாம். ஆனால் அங்கே தேர்வு இருக்கும் அளவுக்குக் கற்பித்தல் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இணையப் பல்கலைக்கழகம் என்ற யோசனை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதை வாசகர் தெரிந்துகொள்வது அவசியம். ஒரு இணையதளம் திறந்து அதற்குப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைக்க இந்தியாவில் யாருக்கும் உரிமை இல்லை. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டமியற்றி உருவாக்கிய நிறுவனம்தான் அந்தப் பெயரைத் தாங்கலாம். பட்டம் வழங்கும் அதிகாரமும் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும்தான். இணையவழிப் பட்டப்படிப்புகளுக்குத் தனியாக 2020-இல் விதிகள் வந்தன. நல்ல தர மதிப்பீடு பெற்ற பல்கலைக்கழகங்களே அவற்றை நடத்தலாம். பொறியியல், மருத்துவம், கட்டடக்கலை போன்ற செய்முறைப் படிப்புகளை முழுக்க இணையத்தில் நடத்த அனுமதி இல்லை. ஊரமைப்பின் உயிர் ஸ்டுடியோ என்று அழைக்கப்படும் செய்முறை வகுப்பில் இருப்பதால், முழு இணையப் பட்டம் என்பது இன்றைய நிலையில் கைகூடாது. ‘முழுக்க ஆன்லைனில் பிளானிங் டிகிரி’ என்று யாராவது விளம்பரம் செய்தால், பணம் கட்டுமுன் மானியக் குழுவின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

இந்தத் தடை நியாயமானது என்றே நினைக்கிறேன். சாக்கடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் திரையில் கற்க முடியாது. ஆனால் படிப்பின் பெரும்பகுதியைத் திரையில் கற்கலாம் என்பதும் உண்மை. சட்டம், மக்கள்தொகைக் கணக்கீடு, போக்குவரத்து, நிதி, வரைபட மென்பொருள் எல்லாம் காணொளியிலும் பயிற்சித் தாளிலும் வரக்கூடியவை. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு இதற்கு நம் அருகிலேயே இருக்கும் சான்று. பாடம் வாரந்தோறும் இணையத்தில் வருகிறது, தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். நுழைவதற்கான தகுதித் தேர்வையே அவர்கள் சில வாரப் பாடம் நடத்திய பிறகுதான் வைக்கிறார்கள். அடித்தளம், டிப்ளமோ, பட்டம் என்று எந்தப் படியிலும் நிறுத்திக்கொள்ளலாம். பின்னர் வந்த மின்னணு அமைப்புகள் படிப்பில் ஆய்வகத்துக்காக மாணவர்கள் வளாகத்துக்கு வந்து போகிறார்கள். ஐ.ஐ.டி.க்குத் தனிச் சட்டம் உண்டு என்பதால் அது செய்வதை எல்லோரும் அப்படியே செய்ய முடியாது. ஆனாலும் செய்முறையையும் இணையத்தையும் இணைக்கும் விதம் தெளிவாகிவிட்டது.

ஊரமைப்புக்கு ஆய்வகம் ஊர்தான். இதை முன்பே காட்டியவர் ஒருவர் உண்டு. 1914-இல் ஸ்காட்லாந்து ஊரமைப்பாளரான பேட்ரிக் கெடிஸ் சென்னைக்கு ஒரு நகரமைப்புக் கண்காட்சி கொண்டுவர முயன்றார். அதை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. மனிதர் மனம் தளராமல் புதிதாகத் திரட்டி 1915 தொடக்கத்தில் சென்னையில் காட்சி வைத்தார். பிறகு மாகாணத்தின் கோயில் நகரங்களில் தெருத்தெருவாக நடந்து அறிக்கைகள் எழுதினார். முதலில் ஊரைக் கூர்ந்து அளந்து அறி, பிறகு திட்டமிடு. இடித்துத் தள்ளாமல் சிறிய மாற்றங்களால் சீராக்கு என்பதே அவர் முறை. அவருடைய பணிக்குப் பின்னர் 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் இப்போது நடைமுறையில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்.

கெடிஸின் முறைக்குத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான வகுப்பறை கிடைப்பது அரிது. சாதாரண நாளில் ஒரு அளவு, பௌர்ணமியில் வேறொரு அளவு, கார்த்திகை தீபத்தன்று லட்சக்கணக்கானோர் என்று ஊரே சுருங்கி விரிகிறது. எந்த அளவுக்குக் கழிப்பறை கட்டுவது? பெரிய நாளுக்குக் கட்டினால் மற்ற நாட்களில் யார் பராமரிப்பது? பேருந்துகளை எங்கே நிறுத்தி மக்களை நடக்க வைப்பது? அன்னதானத்துக்குப் பின் சேரும் இலைகளும் கோப்பைகளும் எங்கே போகின்றன? மாணவர் ஒரு பௌர்ணமி இரவு ஒரே சந்திப்பில் நின்று மணிக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணினால், எந்தப் பாடநூலும் தராத பயிற்சி அது. இன்னொரு மாதம் வேங்கிக்கால் ஏரிக்கோ சமுத்திரம் ஏரிக்கோ தண்ணீர் வரும் வழியைப் பிடித்துக்கொண்டு மலை வரை நடக்கலாம். கிராம வரைபடம், புலப்படம், ‘அ’ பதிவேடு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, நீர்நிலைப் புறம்போக்கு என்று எழுதியிருக்கும் இடத்தில் இன்று என்ன நிற்கிறது என்று பார்க்கலாம். அதைக் கட்டணமில்லாத க்யூஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றி, இஸ்ரோவின் புவன் தளத்துப் படத்தோடு ஒப்பிடலாம். திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராமிய நிறுவனம் மாணவர்களைக் கிராமங்களில் தங்கவைத்துக் கற்பிக்கும் மரபை வளர்த்திருக்கிறது. நகரத்தையும் சேர்த்து அதைச் செய்ய வேண்டும், அவ்வளவே.

ஆகவே கட்டடம் கட்டித் தொடங்க வேண்டிய அவசியமில்லை. கிண்டியில் ஊரமைப்புத் துறை வைத்திருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு இதே மாவட்டத்தில், ஆரணியில் ஓர் உறுப்புப் பொறியியல் கல்லூரி உண்டு. தொலைநிலைக் கல்விக்கென 2002-இல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. இவை கைகோத்து ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பாகத் தொடங்கினால் போதும். அது நன்றாக நடந்தபின் டிப்ளமோ, பிறகு நேரடி ஸ்டுடியோவோடு கூடிய பட்டம். இதில் செலவு அதிகம் பிடிப்பது காணொளி எடுப்பதில் இல்லை. மாணவரின் வரைபடத்தைத் திருத்தித் தரும் ஆசிரியருக்குத்தான் பணம் வேண்டும். ஒருவர் இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் பார்த்தால் திருத்தம் வெறும் கையெழுத்தாகிவிடும். அந்த இடத்தில் சிக்கனம் பிடித்த இணையப் படிப்புகளில் பாதியில் நின்றுவிடுபவர்களே அதிகம். நகர் ஊரமைப்புத் துறையில் ஓய்வுபெற்றவர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். அவர்களை மதிப்பூதியம் கொடுத்து அழைக்கலாம்.

பாடம் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சற்றும் சந்தேகமில்லை. பட்டா, புறம்போக்கு, நத்தம், வரத்துக்கால், கலிங்கு என்று ஊர் பேசும் சொற்களில்தான் ஊராட்சிச் செயலர் யோசிக்கிறார். ஆங்கிலச் சட்டநூலையும் அவர் வாசிக்கப் பழக வேண்டும், ஏனென்றால் வழக்கு என்று வந்தால் அதுதான் பேசும். இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிப்பது முடியாத காரியமில்லை.

தேர்வு எப்படி இருக்கலாம் என்பதற்கு 1971 சட்டத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்ல மக்களுக்கு அவகாசம் தர வேண்டும் என்கிறது அது. அந்த வரைவைப் பார்த்துத் தன் சர்வே எண் எந்த நிறத்தில், அதாவது எந்தப் பயன்பாட்டில், இருக்கிறது என்று கண்டுபிடிக்கக்கூடிய குடும்பங்கள் மிகக் குறைவு. எனவே கடைசிப் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் தன் வார்டிலோ ஊராட்சியிலோ ஒரு மாலை வரைவு வரைபடத்தை விரித்துவைத்து, வந்தவர்களுக்கு அவரவர் நிலம் எங்கே இருக்கிறது, என்ன மாறப்போகிறது, கடிதத்தை யாருக்கு எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று சொல்லட்டும். மதிப்பெண் போட ஆசிரியரோடு அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் உட்காரட்டும்.