ஒரு கிளப், இரண்டு வீடு!

சொந்த மைதானம் எது? சிட்னி ரசிகர்களின் தீராத வழக்கு

கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீடு ஊரின் ஒரு கோடியில். பெண் வீடு மறு கோடியில். புதுக் குடித்தனம் எந்த வீட்டில்?

இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்க மனம் இல்லை. "கொஞ்ச நாள் இங்கே, கொஞ்ச நாள் அங்கே" என்று பேசி முடித்தார்கள். 25 ஆண்டுகள் ஓடிவிட்டன. வழக்கு மட்டும் தீரவில்லை!

இது ஒரு குடும்பத்தின் கதை அல்ல. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ள ஒரு விளையாட்டுக் கிளப்பின் கதை. கிளப்பின் பெயர் வெஸ்ட்ஸ் டைகர்ஸ். ஆடும் ஆட்டம் ரக்பி லீக்.

"நம் கிளப்பின் சொந்த மைதானம் எது?" இதுதான் கேள்வி. கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் அப்பனும் மகனும் இதற்காக மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள்.

கபடி போல ஒரு பந்தாட்டம்

ரக்பி லீக் ஆட்டத்தில் அணிக்கு 13 பேர். பந்து உருண்டையாக இருக்காது. முட்டை வடிவத்தில் இருக்கும்.

பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டித் தரையில் பந்தை வைத்து அழுத்த வேண்டும். அப்படிச் செய்தால் 4 புள்ளி. பிறகு அதே பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் இன்னும் 2 புள்ளி.

ஓடுகிறவரை எதிரிகள் சும்மா விடுவார்களா? கபடியில் பாடி வருகிறவரை மடக்கிப் பிடிப்பது போல, பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளுவார்கள். ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். கையால் பந்தை முன்பக்கம் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்பக்கமோதான் கொடுக்க வேண்டும். ஆட்டம் மொத்தம் 80 நிமிடம்.

இது தொழிலாளர்கள் வளர்த்த ஆட்டம். இங்கிலாந்தின் வட பகுதியில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் ரக்பி ஆடினார்கள். ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். "அந்தக் கூலியையாவது ஈடுகட்டுங்கள்" என்று கேட்டார்கள். மேல்தட்டு நிர்வாகிகள் மறுத்தார்கள். 1895-ல் வடநாட்டுக் கிளப்புகள் பிரிந்து தனி அமைப்பு கண்டன. அதுவே ரக்பி லீக் ஆனது.

1908-ல் சிட்னியிலும் இந்தப் போட்டி தொடங்கியது. முதல் ஆண்டிலேயே ஆடிய கிளப்புகளில் இரண்டு, பால்மெய்ன் கிளப்பும் வெஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப்பும்.

இரண்டு ஊர், இரண்டு நிறம்

பால்மெய்ன், துறைமுகத்தை ஒட்டிய பகுதி. கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். அந்தக் கிளப்பின் சின்னம் புலி. நிறம் ஆரஞ்சும் கறுப்பும். மொத்தம் 11 முறை சாம்பியன் பட்டம் வென்ற கிளப் இது. கடைசிப் பட்டம் 1969-ல் கிடைத்தது.

1934 முதல் அதன் வீடு லைக்கார்ட் மைதானம். நகரின் நடுவிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். அங்கே புல் முளைத்த மேடு ஒன்று உண்டு. அந்த மேட்டில் நாற்காலி கிடையாது. ரசிகர்கள் புல்லில் உட்கார்ந்தும் நின்றும் பார்ப்பார்கள். அந்த மேட்டுக்குப் பழைய ஆட்டக்காரர் வெய்ன் பியர்ஸின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

வெஸ்டர்ன் சபர்ப்ஸ் என்றால் மேற்குப் புறநகர் என்று பொருள். சுருக்கமாக வெஸ்ட்ஸ். அதன் சின்னம் மேக்பை என்ற பறவை. நம் வண்ணாத்திக் குருவி போல அதுவும் கறுப்பு வெள்ளை. கிளப்பின் நிறமும் அதுதான். இவர்கள் 4 முறை பட்டம் வென்றவர்கள். கடைசிப் பட்டம் 1952-ல்.

வெஸ்ட்ஸ் கிளப் வீடு மாறி மாறி வாழ்ந்தது. முன்பு ஆஷ்ஃபீல்டில் உள்ள பிராட்டன் பார்க். 1967-ல் லிட்கம். 1987-ல் தென்மேற்கே வெகு தொலைவில் உள்ள காம்பெல்டவுன்.

லைக்கார்டுக்கும் காம்பெல்டவுனுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். ஏறக்குறைய சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் தூரம்!

கட்டாயக் கல்யாணம்

இப்படிப் பிரிந்து கிடந்த இருவரும் ஏன் சேர்ந்தார்கள்? ஆசைப்பட்டுச் சேரவில்லை. வேறு வழி இல்லாமல் சேர்ந்தார்கள்.

1995-ல் ரக்பி லீக்கைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமைக்காகப் பெரும் பண முதலைகள் மோதிக்கொண்டன. 1997-ல் ஆட்டமே இரண்டாக உடைந்தது. இரண்டு போட்டிகள் தனித்தனியே நடந்தன. பணம் தண்ணீராகச் செலவாயிற்று. 1998-ல் சமாதானம் ஏற்பட்டு, 20 அணிகளோடு ஒரே போட்டியாயிற்று.

ஆனால் சமாதானத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. 2000-ம் ஆண்டில் 14 அணிகளே இருக்க வேண்டும். மற்றவை என்ன ஆவது? ஒன்றோடு ஒன்று சேர வேண்டும். அல்லது வெளியேற வேண்டும்.

1999 ஜூலையில் பால்மெய்னும் வெஸ்ட்ஸும் கை கோத்தன. வெஸ்ட்ஸ் என்பது ஒருவர் பெயரிலிருந்து வந்தது. டைகர்ஸ் என்பது மற்றவர் சின்னத்திலிருந்து வந்தது. சட்டையில் ஆரஞ்சு, கறுப்பு, வெள்ளை மூன்றும் சேர்ந்தன.

பெயரைப் பாதியாக வெட்டலாம். நிறத்தைப் பாதியாகக் கலக்கலாம். மைதானத்தை எப்படிப் பாதியாக வெட்டுவது?

மூன்று கட்சி

2023-ல் வந்த ஏற்பாட்டின்படி ஒவ்வோர் அணிக்கும் ஆண்டுக்கு 24 ஆட்டங்கள். அதில் 12 ஆட்டங்கள் சொந்த மைதானக் கணக்கு. இந்த 12-ஐப் பங்கு போடுவதில்தான் சண்டை.

லைக்கார்ட் கட்சி சொல்வது இது: "எங்கள் தாத்தா உட்கார்ந்த மேட்டில் நாங்கள் உட்காருகிறோம். ஆட்டக்காரர் மூச்சு வாங்குவதுகூட எங்கள் காதில் விழும். இந்த உயிர் வேறு எங்கே இருக்கிறது?"

அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் குறைகளும் உண்டு. கூரை உள்ள இருக்கைகள் குறைவு. மைதானத்தை ஒட்டி ரயில் நிலையம் இல்லை. கட்டடங்கள் பழசாகிவிட்டன. அதைச் சீர்செய்ய மத்திய அரசும் மாநில அரசும் நகராட்சியும் சேர்ந்து 4 கோடி டாலர் தருவதாக 2024-ல் அறிவிப்பு வந்தது.

காம்பெல்டவுன் கட்சி என்ன சொல்கிறது? "பழம் பெருமை பேசினால் போதுமா? குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள்? இங்கே இருக்கிறார்கள்!"

இதுவும் உண்மைதான். துறைமுகப் பகுதியில் இன்று வீட்டு விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. பழைய தொழிலாளர் குடும்பங்கள் பல வெளியே போய்விட்டன. தென்மேற்குப் பகுதியிலோ புதுக் குடியிருப்புகள் பெருகுகின்றன. அங்கே சிறுவர் அணிகள் நிறைய. நாளைய ஆட்டக்காரர்களும் நாளைய ரசிகர்களும் அங்கேதான் வளர்கிறார்கள். மைதானத்துக்கு நடந்து போகும் தூரத்தில் லூமியா ரயில் நிலையமும் இருக்கிறது.

மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. இது கணக்குப் பிள்ளைகளின் கட்சி. "இரண்டு பழைய வீடுகளை விடுங்கள். பாரமாட்டாவில் 30,000 பேர் உட்காரும் புது ஸ்டேடியம் 2019-ல் திறந்தாயிற்று. மழை வந்தாலும் கவலை இல்லை. விலை உயர்ந்த இருக்கைகள் இருப்பதால் வருமானமும் வரும். இரண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கும்" என்பது இவர்கள் வாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு முள் உண்டு. பாரமாட்டா ஸ்டேடியம் பாரமாட்டா ஈல்ஸ் என்ற போட்டிக் கிளப்பின் கோட்டை! அந்த ஸ்டேடியத்தில் நடந்த முதல் ரக்பி லீக் ஆட்டத்தில் ஈல்ஸ் அணியோடு மோதியது யார்? இதே டைகர்ஸ்தான். 2019 ஏப்ரல் 22-ந் தேதி நடந்த அந்த ஆட்டத்தில் ஈல்ஸ் 51, டைகர்ஸ் 6. "அடி வாங்கிய வீட்டில் போய்க் குடியிருப்பதா?" என்று கேட்கிறார்கள் ரசிகர்கள்.

இதற்கு நடுவே சில சொந்த ஆட்டங்கள் டாம்வொர்த் என்ற தொலைதூர ஊருக்கும் போயின. அங்குள்ள மக்களுக்குச் சந்தோஷம். சீசன் டிக்கெட் வாங்கிய சிட்னிக் குடும்பத்துக்கு ஓர் ஆட்டம் கையை விட்டுப் போயிற்று.

நிறைந்த வீடும் காலி மாளிகையும்

பெரிய ஸ்டேடியம் என்றால் பெரிய லாபம் என்று சொல்லிவிட முடியாது.

லைக்கார்டிலும் காம்பெல்டவுனிலும் சுமார் 20,000 பேர் கூடலாம். 12,000 பேர் வந்தாலே மைதானம் களை கட்டிவிடும். ஹோம்புஷில் உள்ள ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் 80,000 பேருக்கு மேல் உட்காரலாம். டைகர்ஸ் சில ஆண்டுகள் தங்கள் சொந்த ஆட்டங்களில் சிலவற்றை அங்கே கொண்டுபோனார்கள். அதே 12,000 பேர் அங்கே போய் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? கல்யாண மண்டபத்தில் பத்துப் பேருக்குப் பந்தி போட்டது போலத்தான் இருக்கும்.

ஆரவாரம் இல்லாத இடத்தில் ஆட்டக்காரருக்கு வேகம் வராது. குழந்தைக்கும் ஆசை வராது. ஆசை வராத குழந்தை அடுத்த முறை "நான் வரவில்லை" என்று சொல்லிவிடும்.

பிடிவாதத்துக்கு அடியில் பயம்

இரண்டு ஊராரும் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார்கள்? இருவருக்கும் பழைய காயம் உண்டு.

1995-ல் பால்மெய்ன் கிளப் வருமானத்தை நினைத்து லைக்கார்டை விட்டது. பாரமாட்டாவுக்குப் போயிற்று. பால்மெய்ன் என்ற பெயரையும் விட்டுவிட்டு "சிட்னி டைகர்ஸ்" என்று பெயர் மாற்றிக்கொண்டது. இரண்டே ஆண்டுதான். 1997-ல் பழைய பெயரோடு பழைய மைதானத்துக்கே திரும்பி வந்தது. அதற்கடுத்த இரண்டு ஆண்டில் தனிக் கிளப்பாக இருந்த காலமே முடிந்துபோயிற்று.

வெஸ்ட்ஸ் பட்ட காயம் இன்னும் ஆழம். 1983-ல் பணக் கஷ்டத்தில் இருந்த இரண்டு கிளப்புகளைப் போட்டியிலிருந்து நீக்குவது என்று லீக் நிர்வாகம் முடிவு செய்தது. ஒன்று நியூடவுன். மற்றொன்று வெஸ்ட்ஸ். நியூடவுன் வெளியேறியது. முதல்தரப் போட்டிக்கு அது திரும்பவே இல்லை. வெஸ்ட்ஸ் கோர்ட்டுப் படி ஏறிப் போராடி, போட்டியில் தங்கியது. பிறகுதான் லிட்கத்தை விட்டு, 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் காம்பெல்டவுனுக்குப் போனார்கள். பிழைப்பதற்காக ஊர் பெயர்ந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே லைக்கார்ட்காரர் "மேட்டை விட மாட்டேன்" என்றால், "இன்னொரு முறை என் பெயரை அழிக்காதே" என்று அர்த்தம். காம்பெல்டவுன்காரர் "எங்கள் பங்கைக் குறைக்காதே" என்றால், "இன்னொரு முறை எங்களைத் துரத்தாதே" என்று அர்த்தம்.

இருக்கை எத்தனை, கூரை உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்ற பேச்சுக்கு அடியில் இந்தப் பயம்தான் இருக்கிறது. பெயரில் பாதி போயிற்று. நிறத்தில் பாதி போயிற்று. முழுசாக மிஞ்சியது மைதானம் ஒன்றுதான்!

ஒரே குரல் கேட்ட நாள்

இந்த இரண்டு ஊரும் ஒரே குரலில் கத்திய நாளும் உண்டு. அது 2005 அக்டோபர் 2-ந் தேதி.

அன்று ஹோம்புஷில் இறுதி ஆட்டம். வந்திருந்த கூட்டம் 82,000-க்கு மேல். எதிரே நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸ். டைகர்ஸ் அணியில் பென்ஜி மார்ஷல் என்ற இளைஞர் தன் பக்கத்திலிருந்து பந்தோடு பாய்ந்து ஓடினார். எதிரி நெருங்கியதும் திரும்பிப் பார்க்காமலே பந்தைப் பக்கவாட்டில் தட்டிவிட்டார். பக்கத்தில் ஓடி வந்த பாட் ரிச்சர்ட்ஸ் அதைப் பிடித்துக் கோட்டைத் தாண்டினார். டைகர்ஸ் 30-16 என்று வென்றது. சேர்ந்த ஆறாவது ஆண்டிலேயே சாம்பியன் பட்டம்!

அந்தப் பட்டம் லைக்கார்டிலும் கிடைக்கவில்லை. காம்பெல்டவுனிலும் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு ஊரும் அதைத் தங்கள் பட்டமாகவே கொண்டாடின.

பிறகு நல்ல காலமும் வந்தது. கெட்ட காலமும் வந்தது. 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் தொடர்ந்து கடைசி இடம். 2024-ல் அதே பென்ஜி மார்ஷல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். தோற்ற காலத்திலும் ரசிகர்கள் வந்தார்கள். லைக்கார்டுக்கும் வந்தார்கள். காம்பெல்டவுனுக்கும் வந்தார்கள்.

புதுத் தலைமுறை

2000-ல் பிறந்த பிள்ளைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். அவர்கள் பால்மெய்ன் ஆட்டத்தையும் பார்த்ததில்லை. வெஸ்ட்ஸ் ஆட்டத்தையும் பார்த்ததில்லை. ஆரஞ்சு, கறுப்பு, வெள்ளை மூன்றும் கலந்த சட்டைதான் அவர்களுக்குத் தெரிந்த சட்டை.

அப்பா வீட்டுத் தாத்தா ஓர் ஊரிலும், அம்மா வீட்டுத் தாத்தா வேறோர் ஊரிலும் இருந்தால் பேரக் குழந்தை வருத்தப்படுமா? லீவு நாளில் இங்கேயும் போகும், அங்கேயும் போகும். இரண்டும் அதற்குச் சொந்த வீடுதான்.

12 ஆட்டங்களை எப்படிப் பங்கு போட்டாலும் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும். அது குடும்பத்தில் சகஜம். ஆனால் ஒரு வீட்டை மூடிவிட்டு வருமானத்தைப் பார்க்கலாம் என்று நினைக்கிற நிர்வாகிகள், 1995-ல் போன வழியையும் 1997-ல் திரும்பி வந்த வழியையும் ஒரு முறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

புது ஸ்டேடியத்தைப் பணம் இருந்தால் கட்டிவிடலாம். தாத்தா உட்கார்ந்த மேட்டை எந்தப் பணத்தால் கட்ட முடியும்?