கமராவுக்குப் பின்னால் ஒரு மகள்



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான். "மகள் என்ன படிக்கப் போகிறாள்?" மருத்துவம், சட்டம், கணக்கியல், ஆசிரியத் தொழில் என்று பதில் வந்தால் குடும்பமே நிம்மதி அடையும். ஆனால், "உம்மா, நான் திரைப்படமும் தொலைக்காட்சித் தயாரிப்பும் படிக்கப் போகிறேன்" என்று பிள்ளை சொல்லிவிட்டால்? வாப்பா கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைப்பார். மூத்தம்மா உம்மாவின் முகத்தைப் பார்ப்பார். உம்மாவின் மனதில் எழும் முதற் கேள்வி, "ஊர் என்ன சொல்லும்?" என்பதாகவே இருக்கும்.

அவசரப்பட்டு "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று கண்ணை மூடிக்கொண்டு "சரி" என்றும் சொல்லிவிடாதீர்கள். அது என்ன படிப்பு, அதில் என்ன பயன், எங்கே கவனம் தேவை என்பதை முதலில் தெரிந்து கொள்வோம்.

இது நடிப்புப் படிப்பா?

சினிமா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நடிகையின் முகம். நமது தயக்கத்தின் பெரும் பகுதி அங்கிருந்தே பிறக்கிறது. ஒரு படம் முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலை ஒருநாள் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். நடித்தவர்களை விட நடிக்காதவர்களின் பெயர்களே அதிகம். கதை எழுதியவர், ஒளிப்பதிவு செய்தவர், ஒலி பதிந்தவர், வெளிச்சம் அமைத்தவர், படத்தைத் தொகுத்தவர், செலவுக் கணக்குப் பார்த்தவர் என்று அந்தப் பட்டியல் நீண்டு செல்லும். தயாரிப்புப் படிப்பு என்பது இவர்களை உருவாக்கும் படிப்பு. இதில் சேரும் மாணவி கமராவுக்கு முன்னால் அல்ல, பின்னால் நிற்கிறாள்.

வகுப்பில் என்ன கற்கிறார்கள்?

"உம்மா வட்டிலப்பம் செய்வதை மூன்று நிமிடப் படமாக எடுத்து வா. ஒருவரும் ஒரு சொல்லும் பேசக்கூடாது" என்று மாணவிக்கு ஒரு பயிற்சி கொடுக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். முதல்நாள் அவள் கமராவை ஒரு மூலையில் வைத்து, ஆரம்பம் முதல் முடிவு வரை அப்படியே எடுத்து வருவாள். பார்ப்பவருக்குக் கொட்டாவி வரும். பிறகு அவள் கற்றுக்கொள்கிறாள். சமையலறை முழுவதையும் காட்டத் தூரக் காட்சி வேண்டும். உம்மாவின் முகத்துக்கு நடுத்தரக் காட்சி வேண்டும். முட்டை உடைவதையும் கித்துள் கருப்பட்டி கரைவதையும் காட்ட அண்மைக் காட்சி வேண்டும். எதைக் காட்டுவது என்பதைப் போலவே, எதை விட்டுவிடுவது என்பதும் ஒரு பாடம்தான்.

வெளிச்சமும் ஒரு தனிப் பாடம். முகத்தில் விழும் பிரதான ஒளி, நிழலின் கடுமையைக் குறைக்கும் துணை ஒளி, ஆளைப் பின்சுவரிலிருந்து பிரித்துக் காட்டும் பின்னொளி என மூன்று விளக்குகளை வைத்துப் பல மணி நேரம் பழகுவார்கள். இருவர் எதிரெதிரே இருந்து பேசும் காட்சியை எடுக்கும்போது, அவர்களுக்கிடையே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருப்பதாக நினைத்துக்கொண்டு கமரா அக்கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டினால், திரையில் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது போலத் தோன்றிவிடும்.

ஒலியை நாம் கவனிப்பதே இல்லை. ஆனால் ஒலிப்பதிவு மாணவி, படப்பிடிப்பு முடிந்த பின்னரும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த அறையின் வெறும் மௌனத்தை அரை நிமிடமாவது பதிந்துகொள்வாள். ஒவ்வோர் அறையின் மௌனமும் வேறு வேறு. காட்சிகளை ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அந்த மௌனம் தேவைப்படும்.

தொலைக்காட்சிக் கலையகப் பயிற்சி இன்னொரு வகையானது. மூன்று நான்கு கமராக்கள் ஒரே நேரத்தில் இயங்கும். கட்டுப்பாட்டறையில் இருப்பவர் எல்லாத் திரைகளையும் பார்த்து, எந்தக் கமராவின் படம் நேயர்களுக்குப் போக வேண்டும் என்று கணத்துக்குக் கணம் முடிவு செய்வார். கீழே தள முகாமையாளர் சைகையாலேயே அறிவிப்பாளரை வழிநடத்துவார். பத்துப் பேர் ஒரே மனதாக வேலை செய்யாவிட்டால் நிகழ்ச்சி குழம்பிவிடும்.

ஒரே முகம், மூன்று உணர்ச்சி

உலகின் முதலாவது திரைப்படக் கல்லூரி 1919 இல் மொஸ்கோவில் தொடங்கப்பட்டது. அங்கு ஆசிரியராக இருந்த லெவ் குலெஷோவ் செய்த பரிசோதனை ஒன்று இன்றும் எல்லாக் கல்லூரிகளிலும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. உணர்ச்சி எதையும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, அதன் பக்கத்தில் ஒரு கோப்பை சூப்பின் படத்தை ஒட்டினார். பார்த்தவர்கள் "எவ்வளவு பசி அந்த முகத்தில்!" என்றார்கள். அதே முகத்துக்குப் பக்கத்தில் பிரேதப் பெட்டியை ஒட்டியபோது, "என்ன துயரம்!" என்றார்கள். ஒரு பெண்ணின் படத்தை ஒட்டியபோது ஆசையைக் கண்டார்கள். முகம் மாறவில்லை; பக்கத்தில் வைத்த படம்தான் மாறியது.

நாள்தோறும் செய்தியும் விளம்பரமும் நாடகமும் பார்க்கும் நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய விடயம் இது. ஒரு கூட்டத்தின் படத்துக்குப் பக்கத்தில் எரியும் கடையை ஒட்டினால் என்ன பொருள் வரும்? அழும் ஒரு தாயை ஒட்டினால் என்ன பொருள் வரும்? இப்படிப்பை முடித்த பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீடே கண் திறந்து தொலைக்காட்சி பார்க்கும்.

வழிகாட்டிச் சென்றவர்கள்

நமது நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1950 களில் லண்டன் திரைப்படக் கல்லூரியில் சேர்ந்த சுமித்ரா குணவர்தன, தம் வகுப்பில் ஒரே பெண்ணாக இருந்து படித்தவர். பிற்காலத்தில் சுமித்ரா பீரிஸ் என்று நாடறிந்தவர் இவரே. ஊர் திரும்பியதும் அவர் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்துவிடவில்லை. உதவியாளராக வேலை செய்தார். படத்தொகுப்பு மேசையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1963 இல் வெளியான 'கம்பெரலிய' படத்தைத் தொகுத்தவர் அவர். அப்படம் 1965 இல் டில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்றது. அவரே இயக்கிய முதற் படமான 'கெஹெணு லமாய்' வந்தது 1978 இல். இடையே பதினைந்து ஆண்டுகள்! 2023 ஜனவரியில் அவர் மறையும்போது, நாட்டின் தலைசிறந்த இயக்குநர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டார். பொறுமை இல்லாதவருக்கு இத்துறை இல்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

சவூதி அரேபியாவின் ஹைஃபா அல் மன்சூர் கெய்ரோவிலும், பின்னர் சிட்னியிலும் படித்தவர். சைக்கிள் வாங்க ஆசைப்படும் ஒரு சிறுமியின் கதையான 'வஜ்தா' அவர் படம். 2012 இல் வெளியானது. முழுவதும் சவூதி மண்ணிலேயே எடுக்கப்பட்ட முதலாவது முழுநீளப் படம் அதுதான். அந்நாட்களில் அங்கே பெண்ணொருத்தி தெருவில் நின்று ஆண்களை வேலை வாங்குவது நடவாத காரியம். ஆகவே தெருக் காட்சிகளின்போது ஒரு வேனுக்குள் இருந்தபடியே, வோக்கி டோக்கி மூலம் குழுவை வழிநடத்தினார்.

கேரளத்துக் கிராமமொன்றில் பிறந்த ரசூல் பூக்குட்டி, புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்து, 2009 இல் 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக ஒஸ்கார் விருதைப் பகிர்ந்துகொண்டார். திரையில் முகம் காட்டாமலே உலகம் அறிய வாழலாம் என்பதற்கு அவர் உதாரணம்.

எங்கே படிக்கலாம்?

நமது நாட்டில் களனிப் பல்கலைக்கழகம், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஹொரணை ஸ்ரீபாலி வளாகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் ஊடகம் சார்ந்த பட்டப் படிப்புகள் உள்ளன. செயல்முறைப் பயிற்சிக்கு இலங்கைத் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவகத்தின் குறுகிய காலப் பாடநெறிகள் உதவும். தனியார் நிறுவனங்களும் பல இருக்கின்றன. கடல் கடந்து போக வசதியுள்ளவர்களுக்குப் புனே கல்லூரி உண்டு. 1960 இல், புகழ்பெற்ற பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் தொடங்கப்பட்டது அது. அதன் முக்கிய பாடநெறிகளுக்குப் பட்டதாரிகளையே சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே முதலில் ஒரு பட்டம், பிறகு இத்துறை என்று திட்டமிடுவதும் புத்திசாலித்தனமே.

பெற்றோர் கேட்க வேண்டியவை

விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். மகளுடன் நேரில் போங்கள். கூச்சப்படாமல் இவற்றைக் கேளுங்கள்:

ஒரு கமராவை எத்தனை மாணவர் பகிர்ந்துகொள்கிறார்கள்? தொகுப்புக் கணினிகள் எத்தனை?

கடந்த ஆண்டு மாணவர் எடுத்த படங்களைக் காட்ட முடியுமா? காட்டத் தயங்கும் இடத்தில் யோசியுங்கள்.

கற்பிப்பவர்கள் இத்துறையில் வேலை செய்தவர்களா?

சான்றிதழைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோ, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவோ ஏற்றுக்கொண்டுள்ளதா?

பாடநெறிக் கட்டணத்துக்கு வெளியே, இறுதிப் படத்துக்கான செலவு யாருடையது? பல இடங்களில் அது மாணவரின் தலையில்தான் விழும்.

இரவுப் படப்பிடிப்புக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் என்ன ஒழுங்கு? பெண் விரிவுரையாளர் உடன் வருவாரா? முறையற்று நடப்பவர் மீது யாரிடம் முறையிடுவது?

கடைசிக் கேள்வியைக் கேட்க மறக்கவே வேண்டாம். நல்ல கல்லூரி இதற்கு முகம் சுளிக்காது; தெளிவாகப் பதில் சொல்லும்.

வருமானம் பற்றியும் மகளிடம் ஒளிக்காமல் பேசுங்கள். மாதச் சம்பளமுள்ள வேலைகள் இத்துறையில் குறைவு. வேலைக்கு வேலை கூலி என்பதே பெரும்பாலான நடைமுறை. ஒரு மாதம் ஓய்வில்லாமல் வேலை இருக்கும். அடுத்த மாதம் கை வெறுமையாகும். வேலை தொடங்குமுன் கூலியை எழுத்தில் வாங்கும் பழக்கம் அவளுக்கு வேண்டும். மறுபுறம், பெண்களே வேண்டுமென்று தேடும் வேலைகளும் உண்டு. கலியாண வீட்டில் பெண்கள் பகுதியைப் படம் பிடிக்க ஒரு பெண் கிடைக்கமாட்டாளா என்று அலைந்த குடும்பங்கள் எத்தனை! படத்தொகுப்பு வேலையை வீட்டில் ஒரு கணினியை வைத்துக்கொண்டே செய்யலாம்.

நமது கதையை யார் சொல்வது?

இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் 'மாதர் மஜ்லிஸ்' நிகழ்ச்சிக்கு எழுதியும் பேசியும் வந்த சகோதரிகளை நாம் மறந்துவிடவில்லை. நமது குரலை நாமே ஒலிக்கச் செய்தோம். படத்தில் அதைச் செய்ய எத்தனை பேர் இருக்கிறோம்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையில் எடுத்த பையுடன் புத்தளம் வந்து சேர்ந்த உம்மாமார் இப்போது முதுமை அடைந்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியபோது பிள்ளைகளைப் பறிகொடுத்த கிழக்குக் கரையோரத் தாய்மாரின் தலையும் நரைத்துவிட்டது. அவர்கள் மனதில் இருப்பவை எல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வெளியார் கமராவுடன் வந்தபோது, முன்பின் அறியாத ஆணிடம் அவர்கள் சொன்னது எவ்வளவு? சொல்லாமல் அடக்கியது எவ்வளவு? அவர்கள் பாயில் அருகே அமர்ந்து, அவர்கள் பேச்சிலேயே பேசி, அழும்போது கமராவை நிறுத்தத் தெரிந்த ஒரு பேத்தி வேண்டும். அப்படிப்பட்டவள் ஒருத்தி இன்று உங்கள் வீட்டில் இருக்கலாம்.

அவளுடைய ஆசை ஒருநாள் மோகமா, உண்மையான ஈடுபாடா என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். கட்டணம் கட்டுமுன், இந்த விடுமுறையில் வீட்டிலுள்ள கையடக்கத் தொலைபேசியைக் கொடுத்து, அவளுடைய மூத்தம்மாவைப் பற்றிப் பத்து நிமிடப் படம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். எழுதட்டும், எடுக்கட்டும், தொகுக்கட்டும். இரண்டாம் நாளே அலுத்துப் போனால் வேறு படிப்பைத் தேடுங்கள். நள்ளிரவில் எழுந்து, "உம்மா, அந்த ஒரு காட்சி சரியாக வரவில்லை, நாளை மீண்டும் எடுக்க வேண்டும்" என்றாளானால், அடுத்த நாளே வாப்பாவிடம் பேசத் தொடங்குங்கள்.