புண்பட்ட உடலில் மீட்பு
இசன்ஹைம் பீடப் படம் | மத்தியாஸ் குரூனவால்ட், 1512–1516

சிலுவையில் தொங்கும் இயேசுவின் தோலைப் பாருங்கள்: பச்சை படர்ந்து, முட்கள் தைத்து, உடலெங்கும் புண். பூஞ்சை பிடித்த ரை தானியத்தால் வந்த ‘அந்தோனியார் நெருப்பு’ நோயாளிகளைப் பேணிய மடத்துக்காக வரையப்பட்டது இது. தங்கள் வேதனையையே அவர்கள் இவ்வுடலில் கண்டிருப்பார்கள். கீழே, சிலுவை தாங்கிய செம்மறிக்குட்டியின் மார்பிலிருந்து வழியும் இரத்தம் நற்கருணைக் கிண்ணத்தில் விழுகிறது.

இந்தச் சிலுவைப் பலி, சினந்த கடவுளுக்குக் கட்டிய விலையா என்று கேட்கலாம். பழைய பலிகளை மனிதர் செலுத்தினர். இங்கே கடவுளே தம்மைத் தருகிறார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. இயேசுவின் சாவுக்கு முன்பே கொல்லப்பட்ட திருமுழுக்கு யோவான் சிலுவையருகில் நிற்பதும் தவறி நேர்ந்த காலப்பிழையன்று. இயேசுவை ஆட்டுக்குட்டியாக அடையாளம் காட்டியவர் அவரே. ஓவியத்தில் அவரது நீண்ட விரல் சுட்டும் மீட்பு, நம் வலியைத் தன் உடலில் ஏற்ற அன்பு.