ஹோம் சர்வரில் இடம் போதவில்லையா?

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் நிறுவி, வீட்டுக்கான பைல் சர்வராகப் பயன்படுத்துகிறீர்களா? போட்டோ, வீடியோ, பேக்கப் என்று ஹார்ட் டிஸ்க்கை மூன்றாகப் பிரித்திருப்பீர்கள். ஆறே மாதத்தில் போட்டோ பகுதி நிரம்பி வழியும். பேக்கப் பகுதி காலியாகக் கிடக்கும். சாதாரண பார்ட்டிஷன் என்றால் இதைச் சரிசெய்வது பெரிய தலைவலி. இதற்காகவே லினக்ஸில் எல்விஎம் என்ற வசதி இருக்கிறது.

எல்விஎம், உங்கள் டிஸ்க்குகளின் இடத்தை வால்யூம் குரூப் என்ற ஒரே தொகுப்பாக்குகிறது. அதிலிருந்து வேண்டிய அளவுக்கு லாஜிக்கல் வால்யூம்களை உருவாக்கிக் கொள்ளலாம். வழக்கமாக 4 எம்பி துண்டுகளாக இடம் ஒதுக்கப்படும். அவை டிஸ்க்கில் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் சூட்சுமம்.

ஒரு சின்னக் கணக்கு. 4 டிபி டிஸ்க் வாங்கினால் கம்ப்யூட்டர் சுமார் 3.6 டிபி என்றுதான் காட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்! தயாரிப்பாளர் 1000-ஆல் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1024-ஆல் வகுக்கிறது. ஈஎக்ஸ்டி4 பைல் சிஸ்டம் வேறு, ரூட் யூசருக்காக 5 சதவீதத்தை ஒதுக்கி வைக்கும். அதாவது 180 ஜிபிக்கு மேல். பைல்கள் மட்டுமே உள்ள வால்யூமில் டியூன்2எப்எஸ் கட்டளை மூலம் இதை 1 சதவீதமாகக் குறைக்கலாம்.

வால்யூமைப் பெரிதாக்குவது சுலபம். எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையுடன் மைனஸ் சிறிய ஆர் ஆப்ஷனையும் கொடுங்கள். வால்யூமும் அதனுள் இருக்கும் பைல் சிஸ்டமும் சேர்ந்தே வளரும். ஈஎக்ஸ்டி4 என்றால் சர்வரை நிறுத்த வேண்டியதுகூட இல்லை. வீட்டில் மற்றவர்கள் படம் பார்த்துக் கொண்டிருக்கும்போதே செய்யலாம்.

சிறிதாக்குவதில்தான் ஆபத்து. முதலில் பைல் சிஸ்டத்தைச் சுருக்கி, அதன் பிறகே வால்யூமைச் சுருக்க வேண்டும். வரிசை மாறினால் வால்யூமின் கடைசிப் பகுதி வெட்டுப்படும். அங்கிருக்கும் போட்டோக்களும் போய்விடும். எல்விரெட்யூஸ் கட்டளையில் அளவுக்கு முன் மைனஸ் குறி போட்டு 100 ஜிபி என்றால் '100 ஜிபியைக் குறை' என்று பொருள். மைனஸ் குறி விடுபட்டால் '100 ஜிபியாகக் குறை' என்று பொருள்! 900 ஜிபி வால்யூமில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கும் மைனஸ் ஆர் கொடுத்தால் பைல் சிஸ்டம் முதலில் சுருக்கப்படும். டேட்டா அந்த அளவுக்குள் அடங்காவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். ஈஎக்ஸ்டி4-ஐ அன்மவுண்ட் செய்துதான் சுருக்க முடியும். சுருக்கும் தேவை வரலாம் என்று தோன்றினால் எக்ஸ்எப்எஸ் பக்கம் போகாதீர்கள். பெரிதாக்க மட்டுமே அது ஏற்றது.

ஆகவே, முதல் நாளே டிஸ்க் முழுவதையும் பங்கு போட்டுவிடாதீர்கள். மூன்று வால்யூம்களுக்கும் இன்றைய தேவைக்குச் சற்று அதிகமாக மட்டும் கொடுத்து, மீதியைத் தொகுப்பிலேயே விடுங்கள். எது நிரம்புகிறதோ அதற்குக் கொடுக்கலாம். சுருக்கும் வேலையே வராது. ஸ்நாப்ஷாட் எடுப்பதற்கும் இந்தக் காலி இடம்தான் தேவைப்படும்.

தொகுப்பில் இரண்டாவது டிஸ்க்கைச் சேர்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரே வால்யூம் இரண்டு டிஸ்க்கிலும் பரவியிருந்தால், ஒன்று பழுதானாலும் அந்த வால்யூம் முழுவதும் போய்விடும். எனவே குடும்பப் போட்டோக்களின் நகல் ஒன்றை இந்தத் தொகுப்பில் சேராத தனி யுஎஸ்பி டிஸ்க்கில் வைத்திருங்கள். தொகுப்பில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று அறிய விஜிஎஸ் என்று டைப் செய்து என்டர் தட்டினால் போதும்.