தண்ணீர் காட்டிய பாங்கு

ஒருவரை நம்பவைத்து ஏமாற்றுவதைத் 'தண்ணீர் காட்டுவது' என்று நம் ஜனங்கள் சொல்வதுண்டு. அந்தப் பேச்சு வழக்கு அட்சரசுத்தமாகப் பொருந்தும்படி, ஒரு நகரம் முழுவதற்கும் மெய்யாகவே தண்ணீரைக் காட்டிவிட்டு, அதன் மறைவில் ஒரு பாங்கை ஸ்தாபித்துக்கொண்ட சாமர்த்தியசாலி ஒருவர் 1799-ம் வருஷத்தில் நியூயார்க்கில் இருந்தார். ஆரன் பர் என்பது அவர் பெயர்.

அந்நாளில் அந்நகரில் இருந்தவை இரண்டே பாங்குகள். 1784-ல் தொடங்கிய பாங்க் ஆஃப் நியூயார்க்கின் விதிகளை எழுதியவரும், மற்றதான தேசிய பாங்கின் கிளைக்கு மூலமான திட்டத்தை வகுத்தவரும் அலெக்ஸாண்டர் ஹாமில்டனே. ஆகவே, கடன் கேட்டுப் போனால் தங்கள் நாணயத்தைப் பாராமல் கட்சியைத்தான் பார்க்கிறார்கள் என்று, ஹாமில்டனின் ஃபெடரலிஸ்ட் கட்சிக்கு விரோதிகளான ரிபப்ளிகன் வியாபாரிகள் புழுங்கிக்கொண்டிருந்தனர். தாங்களே ஒரு பாங்கு தொடங்கலாமென்றாலோ, அதற்குச் சட்டசபை தனியே சாசனம் வழங்கவேண்டும். சட்டசபையில் பெரும்பான்மை ஃபெடரலிஸ்டுகளுக்கு.

இந்நிலையில்தான், 1798-ம் வருஷத்து மஞ்சள் ஜுரம் சுமார் இரண்டாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. நோயைப் பரப்புவது கொசு என்பதை யாரும் அறியாத காலமாதலால், அசுத்தமான கிணற்று நீரின்மேல் பழி விழ, ஊரெங்கும் நல்ல தண்ணீர் வேண்டுமென்ற குரல் எழுந்தது. அப்போது சட்டசபையில் ரிபப்ளிகன் அங்கத்தினராயிருந்த பர், தண்ணீர் விநியோகத்தை நகரசபையிடம் விடாமல் ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைப்பதே உசிதம் என்று வாதாடுவதற்கு இரு கட்சிப் பிரமுகர்களையும் கூட்டிச் சென்றார். அவர்களில் ஹாமில்டனும் ஒருவர் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

ஏப்ரல் 2-ந் தேதி சட்டமாகிய அந்தச் சாசனத்தில், 20 லட்சம் டாலர் மூலதனம், கால்வாய், குழாய் முதலிய விஷயங்களுக்கிடையே, பார்வைக்குச் சாதுவான ஒரு ஷரத்தும் இருந்தது: தண்ணீர்ப் பணிக்கு வேண்டியதுபோக எஞ்சும் பணத்தைச் சட்டவிரோதமில்லாத எந்தப் பண விவகாரத்திலும் கம்பெனி ஈடுபடுத்தலாம். செப்டம்பர் முதல் தேதியே மன்ஹாட்டன் கம்பெனியின் பாங்கு வால் வீதியில் திறக்கப்பட்டுவிட்டது. தண்ணீரோ, ஆதியில் பேசிய பிராங்க்ஸ் நதியிலிருந்து வரவில்லை. நகரத்திலேயே ஒரு கிணற்றைத் தோண்டி, துளையிட்ட பைன் மரக் குழாய்கள் வழியே ஒரு சிலருக்கு மட்டும் விட்டார்கள்.

ஒரே கட்சியாரின் கையிலிருந்த கடன் வசதி அந்தப் பாங்கினால் பலருக்கும் கிட்டியதென்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வியாபாரிகளின் குறை எவ்வளவு நியாயமானதாயினும், அதைத் தீர்ப்பதற்குத் தாகத்தால் தவித்த ஊரின் பெயரைக் கடன் வாங்கியது அக்கிரமமே. அன்றைய வாக்காளருக்கும் அப்படித்தான் தோன்றியது போலும். அதே வசந்தகாலத் தேர்தலில் பர் தம் ஸ்தானத்தை இழந்தார். ஆனால் மறுவருஷமே அவருடைய கட்சி நியூயார்க்கைக் கைப்பற்ற, 1801-ல் அவர் உபஜனாதிபதியாகவே அமர்ந்துவிட்டார்.

பர்ருக்கும் ஹாமில்டனுக்கும் இடையே இருந்த விரோதத்தின் முடிவு தெரிந்ததே. 1804 ஜூலை 11-ல் நடந்த துவந்த யுத்தத்தில் பர்ரின் குண்டு பாய்ந்து, மறுநாள் ஹாமில்டன் மாண்டார். அந்தக் கைத்துப்பாக்கிகள் ஹாமில்டனின் மைத்துனி கணவரான ஜான் சர்ச்சுக்குச் சொந்தமானவை. பிற்காலத்தில் அவற்றை விலைக்கு வாங்கியது, வேறு யாருமல்ல, பர் தொடங்கிய அதே பாங்குதான். 1955-ல் சேஸ் பாங்குடன் அது இணைந்தது, இன்றைய ஜே.பி. மார்கன் சேஸ் அதன் வழிவந்ததே.

நியூயார்க்கின் தாகம் மட்டும் தீரவில்லை. 1832-ல் காலரா கண்டு மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்த பிறகுதான் நகரசபை தானே அந்தப் பொறுப்பை ஏற்றது. குரோட்டன் நதியின் நீர் நகருக்கு வந்து சேர்ந்தது 1842-ல்.